முழங்கையில் ஒட்டிய பச்சைப் பொட்டு

1

இந்தக் கதை என் ஸ்வெட்டரின் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. மிகைப்படுத்தவில்லை. தேவாலயத்தின் பாரிஷ் ஹாலில் தேசியப் பூங்கா நிர்வாகம் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். மறுநாள் காலை மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு மாட்டும்போது பார்த்தால், வலது முழங்கையில் ஒரு பச்சை வட்டம். நம் ஊரில் அட்டையில் வரும் ஸ்டிக்கர் பொட்டு அளவு. கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள், மேசையில் விரித்த வரைபடத்தில் ஒட்டுவதற்கு. யாரோ கை தவறி என் மேல் ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து, அதை உரித்துக் கடைக் கணினியின் ஓரத்தில் ஒட்டி வைத்தேன்.

தங்கள் கதை எப்படிப் பிறந்தது என்று எழுத்தாளர்கள் சொல்வதை நான் பொதுவாக நம்புவதில்லை. ரயிலில் பார்த்த முகம், பாதியில் கலைந்த கனவு என்று ஏதாவது சொல்வார்கள். என்னுடையது பொட்டு. வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் நீங்கள் வருவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கனடாவின் கிழக்கு ஓரத்துத் தீவு, நியூஃபவுண்ட்லாந்து என்பது வரை உண்மை. ஊருக்கு கெட்டில் ஆர்ம் என்று பெயர் வைத்திருக்கிறேன், தேடாதீர்கள். பூங்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியாயிற்று. சதுப்புகளின் பெயர்களை மாற்றியது போதாதென்று அவற்றை இடம் மாற்றியும் வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாராவது வாளியோடு கிளம்பி வந்தால் கொசுக்கடி மட்டும்தான் மிச்சமாகும்.

2

எப்படித் தொடங்குவது என்று சில முறை முயன்றேன்.

முதல் தொடக்கம்: "ஆகஸ்ட் மாத மூடுபனி மலையிலிருந்து மெல்ல இறங்கி, சதுப்பின் மேல் ஒரு வெள்ளைப் போர்வையாக —"

வேண்டாம். இது பூங்காவின் சுற்றுலாக் கையேட்டில் வர வேண்டிய வாக்கியம். போர்வையைப் பார்த்ததும் எனக்கு விடுதி வாடகை ஞாபகம் வருகிறது.

இரண்டாம் தொடக்கம்: "நம்பிக்கை என்பது இரு தரப்பும் சேர்ந்து —"

இது இன்னும் மோசம். இந்த மாதிரி ஒன்றைத் துணியில் எழுதிக் கூட்டத்தன்று ஹால் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். 'சேர்ந்து நம்பிக்கையைக் கட்டுவோம்.' ஓய்வுபெற்ற மீனவர் ஹெட்லி ஜெஞ்ச், ஊரில் வாய் கொஞ்சம் நீளமானவர், வாசலிலேயே நின்று அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "கட்டலாம், அதுக்கென்ன. பலகைக்கு எங்க போறது? மரம் வெட்டத்தான் பர்மிட்டு தர மாட்டேங்கிறாங்களே."

மூன்றாம் தொடக்கம்: "ஆம்ப்ரோஸ் ஷியர்ஸ் தன் அடுப்படி மேசையில் பூங்கா அதிகாரியை உட்கார வைத்து, டின் பால் ஊற்றிய தேநீர் கொடுத்து, தன் சால்மன் மடு எங்கே இருக்கிறது என்று சொன்னார்."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

அது எழுபதுகளில், பூங்கா வருவதற்குக் கொஞ்சம் முன்னால். அதிகாரி நல்ல மாதிரிதான். "நீங்க எங்கெல்லாம் போறீங்கன்னு சொன்னாத்தானே அதையெல்லாம் விட்டுட்டு எல்லை போட முடியும்" என்று கேட்டிருக்கிறார். நியாயமான பேச்சு. ஆம்ப்ரோஸ் சொன்னார். அடுத்த கோடையில் அந்த மடுவில் மீன்பிடிக்கத் தடை வந்தது. அதற்கடுத்த கோடையில் மடுவைச் சுற்றிக் கைப்பிடி வைத்த பார்வை மேடை வந்தது. கையேட்டின் அட்டையில் மடுவின் படம் வந்தது. பிறகு ஆம்ப்ரோஸின் வீடு உள்பட, அந்தக் கடல் குடாவில் இருந்த வீடுகள் காலி செய்யப்பட்டன. யாரும் திரும்பி வந்து குடியேறிவிடக் கூடாதென்று கொளுத்தவும்பட்டன.*

ஆம்ப்ரோஸ் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார். பூங்காக்காரன் மணி என்னவென்று கேட்டால்கூட வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகளில் இன்று ஊரில் மிச்சம் இருப்பவள் வெர்னா ஒருத்திதான். கதை அவளுடையது.

(* பூங்காவின் பழைய அறிக்கை இதை 'கட்டமைப்புகள் அகற்றப்பட்டன' என்கிறது. யார் அகற்றியது என்று அதில் இல்லை. யார் கொளுத்தியது என்று மேலே நான் எழுதிய வாக்கியத்திலும் இல்லை. திருத்தாமல் விட்டிருக்கிறேன், பின்னால் தேவைப்படும்.)

3

நான் யார் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்தாளுநர். பெயர் வேதவல்லி, இங்கே எல்லாருக்கும் வேடா. ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று வந்து, கடையை விலைக்கு வாங்கி, இங்கேயே முடி நரைத்துவிட்டது. கடையில் முதல் நாள், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று வெர்னா கேட்ட முதல் கேள்வி: "உன்ன யாரு அனுப்புனது?" வணக்கம் கிணக்கம் எதுவும் கிடையாது. புதுசாக வருகிற எல்லாரிடமும் அவள் இதைத்தான் கேட்பாள். பாதிரியாரிடம்கூடக் கேட்டிருக்கிறாள், அவர் சொன்ன பதிலில் அவளுக்குத் திருப்தி இல்லை.

(இங்கே எல்லாரும் எல்லாரையும் 'கண்ணு' என்பார்கள். அபராதச் சீட்டு எழுதுகிற போலீஸ்காரரையும் கண்ணு என்றுதான் திட்டுவார்கள். அதை வைத்துப் பாசத்தை அளக்காதீர்கள்.)

இந்த ஊரில் பேக்ஆப்பிள் என்று ஒரு பழம் உண்டு. பெயரில்தான் ஆப்பிள். சதுப்பில் தரையோடு தரையாக, ஒரு காம்புக்கு ஒன்றே ஒன்றாகக் காய்க்கும். பழுத்தால் தேன் நிறம். ஒரு வாளி நிரப்ப ஒரு பகல் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும், கொசுக்கள் உங்களைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க. அதனால் யாருடைய சதுப்பு எங்கே என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்வதில்லை. "எங்க பறிச்சீங்க?" என்று கேட்பதுதான் இங்கே மரியாதைக் குறைவு. கேட்டவருக்குப் பொய்யான இடத்தைக் காட்டுவது நல்ல வளர்ப்பு.

என்னை வெர்னா ஒரு ஆகஸ்டில் கூட்டிக்கொண்டு போனாள். எத்தனையோ ஆண்டுகள் அவளுக்கு இரத்த அழுத்த மாத்திரையை நான் எண்ணிக் கொடுத்த பிறகு. அவளுடைய நாலு சக்கர பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கோ கண்ணு."

"எதுக்கு?"

"பூச்சி விழும்."

மூடிக்கொண்டேன். வண்டி போனது, திரும்பியது, மறுபடி போனது.

"வெர்னா, இந்த நாய் முன்னாடியே குலைச்சுதே? அதே நாய்தானே?"

"இங்க எல்லா நாயும் ஒரே மாதிரிதான் குலைக்கும்."

சரளைக் குழியைச் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறாள், எனக்குத் திசை தப்ப வேண்டும் என்று. அது பிறகுதான் தெரிந்தது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. கண்ணைத் திறந்தபோது பின்சதுப்பில் இருந்தோம் (அந்தப் பெயர் நான் வைத்தது). அவ்வளவு பழத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆனால் வெர்னா வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கடல் பக்கம் நடந்தாள். அங்கே புல்லுக்கு நடுவே ரூபார்ப் செடி காடாக வளர்ந்திருந்தது. ஒரு சிவந்த தண்டை ஒடித்துத் துடைத்துக் கடித்தாள். புளிப்பில் முகம் சுருங்கியது.

"எங்கம்மா வச்சது. அடுப்படி ஜன்னலுக்குக் கீழ. வீட்ட எரிச்சானுங்க, இத எரிக்கத் தெரியல."

அவள் பிறந்த வீடு அங்கேதான் இருந்தது. குடியிருந்த இடத்தைப் பார்க்க என்று பூங்கா யாருக்கும் அனுமதி தருவதில்லை. பழம் பறிக்க அனுமதி உண்டு. அதனால் வெர்னா வருடத்தில் ஒரே ஒரு மாதம், பழம் என்ற பெயரில், தன் அம்மாவின் அடுப்படிக்குப் போய் நிற்கிறாள். இந்தக் கதையில் பறிபோகப் போவது அதுதான். பழம் போனால் ஜாம் இல்லாமல் ரொட்டி தின்றுவிடலாம்.

4

கதைக்கு வில்லன் வேண்டும். கொலீன் ஃபெடரக்கை வைத்து முயன்றேன். பூங்காவின் திட்ட அதிகாரி, பொருத்தமான ஆள். மெல்லிய உதடு கொடுத்தேன். வெள்ளை வண்டியிலிருந்து இறங்கி, சேறு படாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து —

அடித்துவிட்டேன். அவள் காலணி எப்போதும் சேறாகத்தான் இருக்கும். மனிடோபா மாகாணத்தில் கோதுமைப் பண்ணையில் வளர்ந்தவள். வந்த முதல் குளிர்காலத்தில் ஹெட்லியின் வண்டி பனிப்பள்ளத்தில் இறங்கியபோது, தோள் கொடுத்துத் தள்ளியவள் அவள். எல்லாருடைய பேரப்பிள்ளைகளின் பெயரும் அவளுக்குத் தெரியும். கதையில் இப்படி ஒருத்தி வந்தால் அவள் பையைச் சோதிக்கத்தான் எனக்குத் தோன்றும்.

விஷயம் இதுதான். நாலு சக்கர பைக்குகள் சதுப்பைக் கிழிக்கின்றன, காட்டுமான்கள் குட்டி போடுகிற இடம் கெடுகிறது என்று தலைநகர் ஓட்டாவாவில் முடிவாயிற்று. எல்லாச் சதுப்புகளையும் மூடிவிட வேண்டும் என்றார்கள். கொலீன் மல்லுக்கு நின்றிருக்கிறாள். ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று அவர்களே சொல்லட்டும், அந்த இடங்களைத் திறந்து வைத்துவிட்டு மிச்சத்தை மூடலாம், பொட்டு விழுகிற இடம்தான் திட்டம். "அவங்க உண்மையச் சொல்லுவாங்கன்னு நம்புறியா?" என்று மேலதிகாரி சிரித்தாராம். "நம்புறேன்" என்றாளாம்.

இதை எனக்குச் சொன்னதும் கொலீன்தான். வேறு சாட்சி கிடையாது. நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் பாதி நம்பினேன்.

5

கூட்டத்துக்கு என்னை நடுநிலை ஆளாகப் போட்டார்கள். பூங்காவுக்கும் சொந்தமில்லை, ஊருக்கும் சொந்தமில்லை; இத்தனை வருடம் இருந்து நான் சம்பாதித்த தகுதி அது. வரைபட மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்குப் பொட்டு கிடையாது.

பூங்காக்காரர்கள் தட்டில் கேரட்டும் செலரியும் நறுக்கி, நடுவில் வெள்ளையாக ஏதோ தொட்டுக்கொள்ள வைத்திருந்தார்கள்.

"முயலுக்கு வச்சத மாத்தி நமக்கு வச்சிட்டாங்களா?" என்றார் ஹெட்லி. ஒருவரும் தொடவில்லை.

கொலீன் எழுந்து நின்றாள். "வந்ததுக்கு ரொம்ப நன்றி. உங்க கையில ஆளுக்கு ஒரு பச்சைப் பொட்டு இருக்கு. பேக்ஆப்பிள் பறிக்க எங்க போறீங்களோ அங்க ஒட்டுங்க. பேரு எழுத வேண்டாம். யாரும் பாக்க மாட்டோம்."

"பாக்க மாட்டீங்கன்னா அப்புறம் மேப்பு எதுக்கு மேடம்?"

"ஒட்டி முடிச்ச அப்புறம் பாப்போம் ஹெட்லி."

"அதானே பாத்தேன்."

ஹால் சிரித்தது. கொலீனும் சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை ஊர் கூடிப் பேசி வைத்துச் செய்ததாக நீங்கள் நினைக்கக் கூடாது. பேசி வைக்கிற அளவுக்கு அவர்கள் ஒருவரை ஒருவர் நம்புவதில்லை. தன் இடத்தைக் காட்டக் கூடாது. அடுத்தவர் இடத்தைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. பூங்கா பிடுங்கிக்கொண்டாலும் யாருக்கும் நஷ்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஒட்ட வேண்டும். இப்படி யோசித்தால் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர முடியும். டிம்மி சதுப்பு. அங்கே எப்போதோ டிம்மி என்பவரின் குதிரை புதைந்து போனது. அதற்குப் பிறகு எதுவும் முளைக்கவில்லை என்பார்கள்.

ஹெட்லி வந்தார், வரைபடத்தை மூக்கு படும் அளவுக்குப் பார்த்தார், தேவாலயத்தில் உண்டியலில் காசு போடுகிறவரின் முகத்தோடு டிம்மி சதுப்பில் ஒட்டினார். அடுத்தவரும் அங்கேயே ஒட்டினார். அதற்கடுத்தவர் அங்கே ஏற்கெனவே பொட்டுகள் இருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்து, என்னைப் பார்த்து இருமிவிட்டு, இருந்த பொட்டின் மேலேயே ஒட்டினார். வெர்னா வந்தாள். குனிய முடியாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன் கண்ணு" என்று முனகிவிட்டு நகர்ந்தாள். கடைசியில் டிம்மி சதுப்பு பச்சைப் பாசி பிடித்த கல்லாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளை.

கொலீன் அதைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது, இதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

"இவ்ளோ ஒத்துமையான ஊர நான் பாத்ததே இல்ல" என்றாள்.

ஹாலில் பலருக்கு ஒரே நேரத்தில் தொண்டை கரகரத்தது.

6

இரண்டாம் கூட்டம் வசந்தத்தில். வரைவுத் திட்டத்தைத் திரையில் காட்டினார்கள். டிம்மி சதுப்பு முழுவதும் மக்களுக்கு. மரப்பலகைப் பாதை, அமர பெஞ்சு, விவரப் பலகை. பின்சதுப்பு உள்பட மற்ற எல்லாம் ஆண்டு முழுக்க மூடல். வண்டியும் போகக் கூடாது, காலும் போகக் கூடாது.

ஹால் முழுக்க நாற்காலி முனகுகிற சத்தம்.

"பலகைப் பாதையா?" என்றார் ஹெட்லி கடைசியில். "டிம்மி சதுப்புக்கா?"

"நீங்க கேட்டதுதானே!"

"கழிப்பறை உண்டா?"

"உண்டு."

"அது நல்லது. அங்க போனா அது ஒண்ணத்தான் செய்ய முடியும்."

யாரும் சிரிக்கவில்லை. ஹெட்லியே சிரிக்கவில்லை.

ஏன் யாரும் எழுந்து உண்மையைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எளிதாகக் கேட்டுவிடலாம், நீங்கள் அங்கே இல்லை. சொன்னால் ஊரே பொய் சொன்னது என்று பதிவாகும். இவர்களைக் கேட்டு என்ன பயன் என்று ஓட்டாவா எல்லாவற்றையும் மூடிவிடும். கொலீனின் வேலையும் அதோடு போகும். அதைவிட முக்கியம், 'அங்கே இல்லை' என்று சொன்னால் 'பிறகு எங்கே' என்ற கேள்வி வரும். அதற்கு வரும் பதிலுக்காகப் பக்கத்து நாற்காலிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்.

நான் வெர்னாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

7

ஜூனில் ஒரு மழை நாள் கொலீன் கடைக்கு வந்தாள். முட்டி வரை சேறு.

"வேடா, டிம்மி சதுப்புக்கு நடந்து போயிட்டு வரேன்."

"ம்."

"பேக்ஆப்பிள் பூக்குற நேரம் இது. அங்க ஒரு பூ இல்ல. ஒரு இலைகூட இல்ல."

"இருமல் மருந்து ஏதாவது வேணுமா?"

"எல்லாரும் பொய் சொல்லிட்டாங்க, இல்ல?"

நான் கல்லா மேசையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"எங்கப்பா காளான் பறிக்கிற இடத்தக் கடைசி வரைக்கும் என்கிட்ட சொல்லல" என்றாள் கொலீன். "பெத்த பொண்ணுகிட்ட. எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும். நான் முட்டாள்."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சட்டைக்குள்ளிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தாள். புதியது. பொட்டே இல்லாதது.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணியோட கருத்து சொல்ற கெடு முடியுது. ஒரே ஒரு பொட்டு வந்தாப் போதும், அந்த இடத்தத் திறந்து வைக்கச் சொல்லி என்னால வாதாட முடியும். யாரு ஒட்டினதுன்னு கேக்க மாட்டேன். ஆனா உனக்குத் தெரியும்."

"எத வச்சுச் சொல்ற?"

"அன்னிக்கி எல்லாரும் திரையப் பாத்தாங்க. நீ வெர்னாவப் பாத்த."

எனக்குச் சுருக்கென்றது. நல்லவர்களிடம் இதுதான் தொல்லை, கவனித்துவிடுகிறார்கள்.

"சரி, அந்த எடம் கையேட்டுல வராதுன்னு எழுதித் தருவியா?"

அவள் வரைபடத்தின் மடிப்பை நீவிவிட்டாள். "எழுதித் தர முடியாது. நான் இருக்கற வரைக்கும் வர விட மாட்டேன்."

"எவ்ளோ நாள் இருப்ப?"

"அடுத்த வருஷம் மாத்திடுவாங்க வேடா."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவள் மேல் எனக்கு மதிப்பு வந்தது. வரைபடத்தின் மேல் வரவில்லை.

8

முடிவுகளுக்கு வந்துவிட்டோம்.

முடிவு ஒன்று. ஒட்டுகிறேன். கொலீன் வாதாடி ஜெயிக்கிறாள். ஆகஸ்டில் வெர்னா ரூபார்ப் கடிக்கிறாள். கொலீனை மாற்றுகிறார்கள். அடுத்து வருகிறவர் கோப்பைப் புரட்டி, அடடே, மக்கள் விரும்பும் இடம் என்று கையேட்டில் போடுகிறார். ஒரு பேருந்து வந்து நிற்கிறது. வெர்னாவின் அம்மாவின் அடுப்படியில் ஒருவர் ரூபார்ப் இலையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார். அப்பாவின் மடுவுக்கு நடந்தது மகளுக்கும் நடக்கிறது.

முடிவு இரண்டு. ஒட்டவில்லை. பாதையில் சங்கிலி கட்டுகிறார்கள். ஆகஸ்டில் வெர்னா சங்கிலி வரை வண்டியில் போய், எஞ்சினை அணைத்துவிட்டு —

இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு மூன்று. கடைசிக் கூட்டத்தில் வெர்னா எழுந்து நிற்கிறாள். நடுங்கும் விரலால் வரைபடத்தில் இடத்தைக் காட்டுகிறாள். கொலீன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்கிறாள். ஹெட்லி மூக்கைச் சிந்துகிறார். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் சொந்த —

இது பூங்கா எழுதுகிற முடிவு. அந்தத் துணியில் எழுதியிருந்ததை மறுபடி படித்துப் பாருங்கள். அடித்துவிட்டேன்.

9

இந்த இடத்தில் கதையை முடித்திருப்பேன். வியாழக்கிழமை வெர்னா மாத்திரை வாங்க வந்துவிட்டாள்.

வரைபடம் மேசையிலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இத யாரு அனுப்புனது?"

"கொலீன்."

"ஓஹோ." மாத்திரை டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். "நீ ஏதோ கதை எழுதுறியாமே? ஹெட்லி சொன்னான்."

"ஆமா."

"எங்களப் பத்தியா?"

"என் பாஷையில எழுதுறேன் வெர்னா. இங்க யாரும் படிக்கப் போறதில்ல. படிக்கிறவங்க யாரும் இங்க வரப் போறதில்ல."

"எங்கப்பாகிட்டயும் அந்த ஆளு அதத்தான் சொன்னான். இந்த மூலைக்கு எவன் வரப் போறான்னு."

"இடத்த மாத்தித்தான் எழுதியிருக்கேன்."

"நல்லது. இன்னொரு தடவ மாத்திடு."

(மாற்றிவிட்டேன்.)

அவள் கண் கணினிப் பக்கம் போனது. ஓரத்தில் பச்சைப் பொட்டு.

"அது என்னோடது" என்றாள்.

"கை தவறி ஒட்டிட்டியோன்னு நெனச்சேன்."

"எனக்கு எதுக்குக் கை தவறுது?"

"அப்போ நீ டிம்மி சதுப்புல ஒட்டலையா?"

"அந்தப் பொண்ணுகிட்ட நான் பொய் சொல்லல. உண்மையும் சொல்லல. எங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், பூங்காக்காரங்ககிட்ட வாயத் திறக்க மாட்டேன்னு." டப்பாவைப் பைக்குள் போட்டுக் கொக்கியை மூடினாள். "சத்தியம் பண்ணினது நான். நீ பண்ணல. நீ இங்க பொறக்கலையே கண்ணு."

கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். "வண்டிப் பாதைய மூடிட்டா, என் முட்டிக்கு நடந்தெல்லாம் அவ்ளோ தூரம் போக முடியாது. அது உனக்கே தெரியும். இதுக்கு மேல நான் எதுவும் சொல்லல, சொன்னதா எழுதிடாத."

எழுதிவிட்டேன். மன்னிக்கட்டும்.

அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. இந்த ஊரில் யாரும் யாருக்கும் தராததை அவள் என் முழங்கையில் ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கோபம் வந்தது. இத்தனை வருடம் கழித்து, காட்டிக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்ட அன்று, நான் இங்கே பிறக்காதவள் என்று அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நாளைக்கு அந்த இடம் கையேட்டில் வந்தால் ஊர் என்ன சொல்லும்? 'சதுப்பு காட்டப்பட்டது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டன என்று மேலே விட்டு வைத்த என் வாக்கியத்தைப் போல ஆள் இல்லாத வாக்கியம் எனக்குக் கிடைக்காது. வேடா காட்டினாள் என்பார்கள். வெளியிலிருந்து வந்தவள்.

அது நம்பிக்கையா, பழி போட ஒரு தோளா? இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. அன்று அவள்தான் ஒட்டினாளா? அல்லது நேற்றுக் கணினியில் பொட்டைப் பார்த்ததும், அந்த நிமிடத்தில், கதையை ஜோடித்தாளா? என் முழங்கையைப் பிடித்தது உண்மை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றாள். அன்று அவள் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கதைக்குத் தேவை என்பதால் வருகிறதோ என்னவோ.

10

இன்று வெள்ளி. மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. மழை இல்லை. கொலீனின் வெள்ளை வண்டி தபால் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. உள்ளே அவள் உட்கார்ந்திருக்கிறாள், கடைப் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்படுகிறாள். வெர்னாவின் வீட்டு ஜன்னலில் திரை லேசாக விலகியிருக்கிறது. ஹெட்லி எதையும் வாங்காமல் ரொம்ப நேரமாகப் பற்பசை அலமாரி முன்னால் நிற்கிறார்.

வரைபடம் விரித்தபடி இருக்கிறது. பொட்டை உரித்துவிட்டேன். என் ஆள்காட்டி விரல் நுனியில் இருக்கிறது. பசை முக்கால்வாசி போய்விட்டது. இன்னும் ஒரு முறை ஒட்டினால் ஒட்டும், அதற்கு மேல் தாங்காது.

ஒரு கையால் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டீர்கள். மடுவுக்கு என்ன ஆனது என்று தெரியும், சங்கிலி எங்கே கட்டுவார்கள் என்று தெரியும், வெர்னாவின் முட்டி தெரியும். நீங்கள் இங்கே பிறக்கவில்லை. யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. என்னைவிட நல்ல நடுநிலை ஆள் நீங்கள். ஒட்டவா, வேண்டாமா என்று சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன். பேரு எழுத வேண்டாம். யாரும் பார்க்க மாட்டோம்.

அதற்கு முன்னால் ஒன்று. கோபித்துக்கொள்ளாதீர்கள், இங்கே எல்லாரிடமும் கேட்பதுதான்.

உங்களை யார் அனுப்பியது?